நாக் லாகை எப்படிப் படிப்பது: ரீமேப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

ரீமேப் (இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவில் இருக்கும் ஃபைலை மாற்றி எழுதுவது) போட்ட கையோடு லாக் (ஓட்டும்போது இசியூ தரும் எண்களை வரி வரியாகப் பதிவு செய்வது) எடுத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மிரளுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது சிலிண்டருக்கு நேரே மைனஸ் 3 என்று ஒன்று எட்டிப் பார்க்கும். உடனே அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்ஜின் போச்சா என்று நாலு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு பேர் நார்மல்தான் ப்ரோ என்பார்கள், இரண்டு பேர் உடனே ஸ்டாக் மேப்புக்கு (கம்பெனி கொடுத்த ஃபைலுக்கு) போயிடுங்க என்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு இந்த இரண்டில் எதையுமே சொல்ல முடியாது.

உதாரணங்களுக்கு நம்மூரில் நிறைய ரீமேப் ஆகிற 1.0 டிஎஸ்ஐ இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். பழைய போலோ, குஷாக், டைகுன், ஸ்லாவியா, விர்ட்டஸ் எல்லாவற்றிலும் வருகிற 999 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ. இடையிடையே சுபாருவும் ஃபோர்டும் வரும், காரணம் இணையத்தில் நாக் பற்றிக் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பகுதி அந்த வண்டிக்காரர்கள் எழுதியது. அதை அப்படியே நம் வண்டிக்குப் பொருத்தப் போய்த்தான் பாதிக் குழப்பம்.

சென்சார் காதில் என்ன விழுகிறது

பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து கிளம்பி சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக். அந்தத் திடீர் எரிதல் கிளப்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதி அதிரும். பலமாக வந்தால் தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கின சத்தம் கேட்கும். டர்போ வண்டியில் ஜன்னலை ஏற்றிவிட்டு முழு ஆக்ஸிலரேட்டரில் போகும்போது பெரும்பாலும் எதுவும் கேட்காது, அதனால் "எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே" என்பதை வைத்து நாக் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

இந்த அதிர்வுக்கு என்று ஒரு அலைவரிசை உண்டு, அது சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்து மாறும். ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்து பையால் (π, அதாவது 3.14) பெருக்கி, வந்ததை வைத்து 900-ஐ வகுத்தால் தோராயமாக கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 1.0 டிஎஸ்ஐக்கு விட்டம் 74.5 மி.மீ., ஆரம் 37.25, ஆக 7.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. சுபாருவின் 2.5 லிட்டர் இஜே25 இன்ஜினுக்கு விட்டம் 99.5 மி.மீ., அங்கே 5.8 பக்கம். இன்ஜின் பிளாக்கில் ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்து, அதிர்வை வோல்டேஜாக மாற்றுகிற அந்த வட்டமான பீசோ நாக் சென்சாருக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு வால்வு மூடுகிற சத்தம், இன்ஜெக்டர் டிக் டிக், பிஸ்டன் ஆடுவது எல்லாமே கேட்கும். வடிகட்டுகிற வேலை இசியூவுடையது. எந்த சிலிண்டர் எப்போது எரிகிறது என்று அதற்குத் தெரியும் என்பதால், அந்தந்த சிலிண்டரின் பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்குகிற சில பத்து டிகிரிகளுக்கு மட்டும் காதைத் திறந்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நாக் அலைவரிசையில் எவ்வளவு அதிர்வு வந்தது என்று கூட்டிப் பார்க்கும். வழக்கமாக வருகிற இரைச்சலின் சராசரியோடு ஒப்பிடும். குறிப்பிட்ட மடங்கைத் தாண்டினால் "இது நாக்" என்று முடிவெடுத்து, அந்த சிலிண்டருக்கு மட்டும் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். அப்புறம் மெதுவாக, சின்னச் சின்னப் படிகளாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வரும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். லாகில் நீங்கள் பார்க்கிற மைனஸ் 3, நாக்கின் அளவு கிடையாது. நாக் என்று இசியூ நினைத்துக்கொண்டு செய்த காரியத்தின் அளவு, அதாவது ஸ்பார்க்கை எத்தனை டிகிரி தள்ளிப்போட்டது என்பது. அது சரியாகவும் நினைத்திருக்கலாம், தப்பாகவும் நினைத்திருக்கலாம். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்குத்தான்.

எந்த எண், எந்தப் பக்கம்

லாகில் மூன்று வகை எண்கள் வரலாம். ஒன்று சென்சாரின் வோல்டேஜ். இது ஆர்பிஎம் ஏற ஏறத் தானாகவே ஏறும், அடுத்தவர் வண்டியோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே வண்டியில் ஒரே ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக எகிறி நிற்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். இரண்டாவது, இந்த நொடியில் எவ்வளவு ரிட்டார்ட் செய்கிறது, அதாவது ஸ்பார்க்கைத் தள்ளிப்போடுகிறது என்பது. நமக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, இசியூ கற்று மனதில் வைத்துக்கொண்டது.

சுபாருவில் இந்த இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனிப் பெயரோடு வரும். ஃபீட்பேக் நாக் கரெக்ஷன் என்பது உடனடி எதிர்வினை. ஃபைன் நாக் லேர்னிங் என்பது இந்த லோடில், இந்த ஆர்பிஎம்மில் போன முறை அடி வாங்கினோம் என்று கட்டம் கட்டமாகச் சேமித்து வைப்பது. இவற்றுக்கு மேலே அட்வான்ஸ் மல்டிப்ளையர் என்று ஒன்று, மொத்த டைமிங்கையே (பொறி எவ்வளவு முன்னதாக வருகிறது என்பதை) குறைத்துவிடக் கூடியது. புதிய சுபாருக்களில் அது 1-இல் நின்றால் நல்லது, கீழே இறங்கினால் விஷயம் பெரிது. ஃபோர்டு ஈகோபூஸ்ட்டில் ஆக்டேன் அட்ஜஸ்ட் ரேஷியோ என்று கிட்டத்தட்ட அதே வேலைக்கு ஒரு எண் உண்டு, அதில் மைனஸ் 1 தான் மிக நல்லது, பிளஸ் பக்கம் போகப் போக மோசம். சில மென்பொருள்கள் ரிட்டார்டை மைனஸில் காட்டும், ஜிஎம் வண்டிகளுக்கான எச்பி டியூனர்ஸ் போன்றவை நாக் ரிட்டார்டைப் பிளஸ்ஸில் காட்டும். ஆக முதல் வேலை, உங்கள் கருவியில் எந்தப் பக்கம் கெட்ட பக்கம் என்று தெரிந்துகொள்வது. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பத்துப் பக்க விவாதம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லாக் எடுப்பதற்கு முன்னால்

முதலில் வண்டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பழசாக இருந்தால் மாற்றுங்கள், ரீமேப் வண்டிக்கு டியூனர் (ரீமேப் செய்து தந்தவர்) சொன்ன ஹீட் ரேஞ்சும் (பிளக் சூட்டை வெளியேற்றும் திறன்) கேப்பும் (பொறி தாண்டும் இடைவெளி) இருக்கட்டும். ஆயில் லெவல், கூலன்ட், இன்டர்கூலர் பைப்பில் கசிவு, இதெல்லாம் வழக்கமானவை. பலர் மறந்துவிடுவது சென்சாரின் போல்ட்டைத்தான். அந்த வகை பாஷ் சென்சாருக்கு 20 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கம், ஐந்து முன்னே பின்னே போகலாம். வேறு வேலைக்காகக் கழற்றிய மெக்கானிக் கைக்கு வந்தபடி முறுக்கியிருந்தால் அதன் கேட்கும் திறனே மாறிவிடும். அடியில் வாஷர் போடக்கூடாது. உட்காருகிற இடத்தில் துருவோ பெயின்ட்டோ இல்லாமல் வெறும் உலோகத்தோடு உலோகம் உட்கார வேண்டும்.

அடுத்தது பெட்ரோல். நம்மூர் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் அளவு முன்பு 91 ஆர்ஓஎன், 2026 ஏப்ரலில் இருந்து 95. பிரீமியம் என்று விற்றது 95, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்பது 100. அமெரிக்காவில் பங்க்கில் எழுதியிருக்கும் 91 நம் பழைய 91 இல்லை. அது ஏகேஐ என்ற வேறு அளவு, இரண்டு சோதனைகளின் சராசரி. அங்கத்திய 91 இங்கத்திய 95-க்குப் பக்கத்தில் வரும், அங்கத்திய 93 கிட்டத்தட்ட 98. நம் பழைய 91 அங்கே போனால் 87 தான். ஆக வெளிநாட்டில் இருந்து வாங்கிய "93 ஆக்டேன் மேப்" என்ற ஃபைலைப் போட்டுவிட்டு முனை பங்க்கில் சாதாரண பெட்ரோலை நிரப்பினால், லாகில் எல்லா சிலிண்டரும் மைனஸில் முங்குவதில் ஆச்சரியமே இல்லை. ஃபைல் எந்த அளவில் எழுதப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனால் கலப்பு இன்னொரு விஷயம். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும், நாக்குக்கு அது நல்லதுதான். ஆனால் எரிவதற்கு அதிக அளவு எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு 13.5 பக்கம். இசியூ ஃபியூயல் டிரிம்மை (எரிபொருள் அளவைத் திருத்தும் எண்) கூட்டி இதைச் சமாளிக்கும். டிரிம் பெரிதாகப் பிளஸ்ஸில் நிற்கிறது, முழு லோடில் லாம்ப்டாவும் (காற்று எரிபொருள் விகிதத்தைச் சொல்லும் எண், ஏறினால் எரிபொருள் குறைவு) டார்கெட்டை விட மேலே போகிறது என்றால் நாக்கைத் திட்டுவதற்கு முன் ஃபியூயல் பக்கம் பாருங்கள். பெட்ரோல் வகையை மாற்றினால் டேங்க்கைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டு நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, அப்புறம் லாக் எடுங்கள். பாதி டேங்க் பழையதோடு கலந்து எடுத்த லாக் யாருக்கும் பயன்படாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டியவுடனோ, ஃபால்ட் கோடு அழித்தவுடனோ எடுத்த லாகையும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் கற்றுக்கொண்டதெல்லாம் அழிந்து போயிருக்கும். பழைய வண்டி வாங்கும்போது ஒருவர் மிகச் சுத்தமான எண்களைக் காட்டினால் இதையும் மனதில் வையுங்கள்.

எதையெல்லாம் பதிவு செய்வது

ஐந்நூறு ரூபாய் ஈஎல்எம்327 ப்ளூடூத் டாங்கிளும் இலவச ஆப்பும் இதற்குப் போதாது. பொதுவான ஓபிடி வரிசையில் டைமிங் அட்வான்ஸ் என்ற ஒரே எண் கிடைக்கும், சிலிண்டர் வாரியாக ரிட்டார்ட் கிடைக்காது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிக்கு விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் மாதிரி அந்த இசியூவின் மொழி தெரிந்த கருவி வேண்டும், அல்லது டியூனரே லாகர் கொடுத்திருப்பார்.

ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டர் பெடல், த்ராட்டில், இசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், இறுதி இக்னிஷன் ஆங்கிள் (கடைசியில் பொறி விடப்பட்ட கோணம்), மூன்று சிலிண்டரின் ரிட்டார்ட், இன்டேக் காற்றின் சூடு, கூலன்ட் சூடு, லாம்ப்டா. இதற்கு மேல் ஆசைப்பட்டு இருபது சேனலைத் தேர்ந்தெடுத்தால் லாக் நத்தையாகிவிடும். 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை எரிகிறது. உங்கள் லாகர் நொடிக்கு ஐந்து வரி எழுதினால் பத்தில் ஒரு எரிதலைத்தான் பார்க்கிறீர்கள். நல்லவேளையாக ரிட்டார்ட் சட்டென்று விழுந்தாலும் மெதுவாகத்தான் ஏறும், அதனால் நாக் நடந்த நொடியைத் தவறவிட்டாலும் அதன் வால் லாகில் மாட்டும். வோல்டேஜுக்கு அந்த வால் கிடையாது. நான் ரிட்டார்டையே முக்கியமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல் (முழு பெடலில் ஒரே மூச்சாக ஒரு ஓட்டம்) எடுப்பது

பொதுச் சாலையில் வேண்டாம். டைனோ (வண்டியை ஓரிடத்தில் வைத்து உருளை மேல் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம்) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரி தடங்களில் டிராக் டே நடக்கும்போது போய் எடுக்கலாம். அவுட்டர் ரிங் ரோடு காலியாக இருக்கிறது என்று இரவில் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, மூன்றாவது கியர், 2,500 ஆர்பிஎம் பக்கம் நிலையாகப் பிடித்து, பெடலை ஒரே சீராகக் கடைசி வரை அழுத்தி 6,000 வரை விடுங்கள். டிஎஸ்ஜி, ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் வையுங்கள், இல்லையென்றால் கிக்டவுன் ஆகி லாக் கெட்டுவிடும். ஒரு புல் முடிந்ததும் இன்டர்கூலர் ஆறுவதற்குக் கொஞ்சம் மெதுவாக ஓட்டி, அடுத்ததை எடுங்கள். குறைந்தது மூன்று வேண்டும், ஏனென்றால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

1,500 ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் பெடலை முழுக்க மிதித்து "எப்படி இழுக்குது பார்க்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். சின்ன டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போக்களில் குறைந்த ஆர்பிஎம், அதிக லோடு சேரும் இடத்தில் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிற ஒரு தனி வியாதி உண்டு. ஆயில் துளிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஏபிஐ எஸ்பி தர ஆயில்களுக்கு இதற்கென்றே தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். இது வந்தால் நாக் சென்சாரால் தடுக்க முடியாது. பொறிக்கு முன்னாலேயே எரிந்துவிட்டதற்கு, பொறியைத் தள்ளிப்போட்டு என்ன பயன்? ஒரே அடியில் பிஸ்டன் உடைந்த கதைகள் இந்த வகையில்தான் அதிகம்.

இப்போது படிக்கலாம்

எண்களை எக்செலில் போட்டு ஆர்பிஎம்மைக் கீழ் அச்சில் வைத்து வரைந்து பாருங்கள், வரி வரியாகப் படிப்பதை விட இது எளிது. நாலு மாதிரிகளைச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, வடிவங்கள் நிஜத்தில் அடிக்கடி வருபவை.

முதல் லாகில் ஒன்றாவது, இரண்டாவது சிலிண்டர்கள் பூஜ்யத்தில் ஓடுகின்றன. மூன்றாவது 3,400 ஆர்பிஎம்மில் சட்டென்று மைனஸ் 2.25-க்கு விழுந்து, மைனஸ் 1.5, மைனஸ் 0.75 என்று படிப்படியாக ஏறி 4,300-க்குள் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த புல்லில் அதே இடத்தில் ஒன்றுமில்லை. இது ஒரே ஒரு சம்பவம். இந்த இன்ஜின்கள் கம்பெனியில் இருந்து வரும்போதே நாக் எல்லையை உரசிக்கொண்டு ஓடும்படி டியூன் செய்யப்பட்டவை, வெயில் நேரத்தில் ஸ்டாக் வண்டியிலேயே இரண்டு மூன்று டிகிரி வந்து போகும். பேசாமல் ஓட்டுங்கள். இதே எண் சுபாருவில் முழு லோடில் திரும்பத் திரும்ப வந்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அங்கே டியூனர்கள் முழு லோடில் பூஜ்யத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இரண்டாவது லாக். 3,000 முதல் 4,200 வரை மூன்று சிலிண்டரும் மைனஸ் 3.75, மைனஸ் 4.5, மைனஸ் 3. காற்றுச் சூடு 41 டிகிரி. இரண்டாவது புல்லில் சூடு 52, ரிட்டார்ட் இன்னும் ஒரு டிகிரி ஆழம். மூன்றாவதில் 60, இன்னும் ஆழம். எல்லா சிலிண்டரும் சேர்ந்து விழுகின்றன, அதிக டார்க் வருகிற இடத்தில் விழுகின்றன, சூட்டோடு கூடவே வளர்கின்றன. நிஜ நாக்குக்கு இதை விடத் தெளிவான ஜாதகம் கிடைக்காது. பெட்ரோலின் ஆக்டேன் போதவில்லை, அல்லது டைமிங் அதிகம், அல்லது பூஸ்ட் அதிகம், அல்லது இன்டர்கூலரால் சமாளிக்க முடியவில்லை. "இசியூதான் ரிட்டார்ட் செய்து காப்பாற்றுதே, அப்புறம் என்ன" என்று கேட்பவர்கள் உண்டு. ரிட்டார்ட் ஆக ஆக எரிதல் தள்ளிப்போய் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், அந்தச் சூடு டர்போவுக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் போகும். தவிர இசியூ அடி விழுந்த பிறகுதான் ரிட்டார்ட் செய்கிறது, விழுவதற்கு முன்னால் அல்ல.

மூன்றாவது லாகில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஒவ்வொரு புல்லிலும் 5,000-க்கு மேல் மைனஸ் 4.5. மற்றவை சுத்தம். இது மேப்பின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு, அந்த சிலிண்டரின் வீட்டுப் பிரச்சினை. ஒன்றாவது, மூன்றாவது பிளக்குகளை இடம் மாற்றி மாட்டி மறுபடி லாக் எடுங்கள். பிரச்சினையும் பிளக்கோடு கூடவே போகிறதா? பிளக்தான். காயிலையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். இரண்டுமே இல்லை என்றால் இன்ஜெக்டர், கார்பன் படிவு, அந்தப் பக்கம் ஏதாவது உரசல் என்று தேட வேண்டும்.

நாலாவதுதான் பலர் கொண்டாடுகிற லாக். மே மாத வெயில், சாதாரண பெட்ரோல், நல்ல பூஸ்ட், மூன்று சிலிண்டரும் கடைசி வரை பூஜ்யம். கொண்டாடுவதற்கு முன் இறுதி இக்னிஷன் ஆங்கிளைப் பாருங்கள். ஸ்டாக்கை விடக் குறைவாக இருந்தால் டியூனர் ஜாக்கிரதைப் பேர்வழி, நல்லது. ஆங்கிளும் அதிகம், பூஸ்ட்டும் அதிகம், பெட்ரோல் மட்டும் சாதாரணம், ஆனால் ரிட்டார்ட் பூஜ்யம் என்றால், ஃபைலில் நாக் கண்டுபிடிக்கும் எல்லையையே தூக்கிவிட்டிருக்கலாம். அதாவது காதைப் பொத்திவிட்டு சத்தம் இல்லை என்பது. மலிவு ஃபைல்களில் இது நடக்கும். அதே பெட்ரோலில் ஸ்டாக் மேப்புக்குத் திரும்பி ஒரு லாக் எடுத்துப் பாருங்கள். ஸ்டாக்கில் ஒன்றிரண்டு டிகிரி வந்து ரீமேப்பில் துளியும் வரவில்லை என்றால் டியூனரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

டியூனிங் பாக்ஸ் போட்ட வண்டிகளின் லாகுக்கு வேறு கண்ணாடி வேண்டும். அந்தப் பெட்டி பூஸ்ட் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி இசியூவை ஏமாற்றுகிறது. லோடு குறைவு என்று நம்பி இசியூ அந்தக் குறைந்த லோடுக்கான டைமிங்கைக் கொடுக்கும், அது நிஜ லோடுக்கு அதிகம். அங்கே ரிட்டார்ட் ஆழமாக வந்தால் அதுதான் காரணம், லாகில் தெரிகிற பூஸ்ட்டும் பொய்.

பொய் நாக்கைப் பிரிப்பது

கியர் மாற்றும் நொடியில், பெடலைச் சட்டென்று விடும் நொடியில், பள்ளத்தில் இறங்கும் நொடியில் ஒரே ஒரு வரி மட்டும் விழுந்தால் பெரும்பாலும் இரைச்சல்தான். ரிட்டார்ட் பத்திகள் பூஜ்யமாக இருக்கும்போது இறுதி ஆங்கிள் மட்டும் இறங்கினால் அது நாக்கே இல்லை, காற்றுச் சூட்டுக்கான குறைப்பு, டிராக்ஷன் கண்ட்ரோல், டிஎஸ்ஜி கியர் மாற்றத்துக்காக டார்க்கைக் குறைப்பது என்று ஏதாவது இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துத்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எப்போதும் ஒரே ஆர்பிஎம்மில், லோடு குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும், சூடு எவ்வளவு இருந்தாலும் அதே எண் வந்தால் சந்தேகம் உலோகத்தின் மேல் போக வேண்டும். லூஸான ஹீட் ஷீல்டு, பாடியில் இடிக்கிற டவுன்பைப், பாலியூரித்தேன் மவுண்ட் போட்ட பிறகு வந்த அதிர்வு, தளர்ந்த பிராக்கெட். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட இன்ஜின்களில் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் ஆடும் சத்தத்தையும் சென்சார் நாக் என்று எடுத்துக்கொள்ளும்.

உறுதி செய்ய இரண்டு வழி. ஒன்று, ஒரு டேங்க் 100 ஆக்டேன் ஊற்றி அதே சூட்டில் அதே புல். நிஜ நாக் என்றால் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். எண் அசையவே இல்லை என்றால் இரைச்சல். செலவு ஆகும்தான், ஆனால் பிஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இரண்டு, டியூனரை அந்தப் பகுதியில் மட்டும் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி குறைத்து ஒரு ஃபைல் தரச் சொல்லுங்கள். அப்போதும் அதே ரிட்டார்ட் வந்தால் எரிதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டைனோவில் வேலை செய்கிற பழைய கைகள் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயைப் பிடித்து, ரப்பர் ஹோஸ் வழியாகக் காதுக்குக் கொண்டுவந்து கேட்பார்கள், இப்போதும் அது நன்றாகவே வேலை செய்கிறது. பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் இனி லாகே தேவையில்லை, அது நிஜம்.

சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒயர் துண்டானால் இசியூ பயந்து எல்லா சிலிண்டருக்கும் டைமிங்கைக் குறைத்துவிடும், அந்த லாகில் படிக்க ஒன்றும் இருக்காது.

பார்த்த பிறகு

என் அளவுகோல், இந்த டிஎஸ்ஐ குடும்பத்துக்கு மட்டும்: அங்கங்கே மூன்று டிகிரிக்குள் வந்து போனால் விட்டுவிடுவேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பிரீமியம் பெட்ரோல், குளிர்ந்த காலை என்று மாற்றிப் பார்த்து, அப்போதும் நின்றால் டியூனரிடம் போவேன். ஆறைத் தாண்டி நிலையாக நின்றால் அந்தப் புல்லிலேயே காலை எடுத்துவிட வேண்டும், ஃபைல் மாறும் வரை முழு பெடல் கிடையாது. வேறு இன்ஜினுக்கு இந்த எண்களை எடுத்துப் போகாதீர்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பெட்ரோல், ஃபைல் மூன்றையும் ஒரே சனிக்கிழமை மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால் எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த கோடையில் திரும்பி வரும்போது மறுபடி முதலில் இருந்து தேட வேண்டும்.

டியூனருக்கு லாக் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், முழு சிஎஸ்வி ஃபைலை அனுப்புங்கள். கூடவே எந்த பங்க்கில் என்ன பெட்ரோல், எப்போது நிரப்பியது, வெளிச் சூடு எவ்வளவு, எந்த கியர், ஏசி போட்டிருந்ததா, வண்டியில் எத்தனை பேர், கடைசியாக பிளக் எப்போது மாற்றியது, ஃபைலின் பதிப்பு எண் என்ன என்று நாலு வரி எழுதுங்கள். ஃபைலின் பெயரிலேயே தேதியையும் பெட்ரோல் வகையையும் போட்டுவிட்டால் பிறகு நீங்களே தேடி எடுப்பதற்கும் வசதி. மூன்று புல்லையும் அனுப்புங்கள், நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து அல்ல.